ஹார்லனின் பிரேக்கில் யார் கை வைத்தது?

ஹார்லன் ப்ரூயிட் யாரையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. எங்கள் ஊரான ஆயில்டேலில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்சீட்டில் சத்தம் கேட்டால் திட்டுவார். சத்தமே கேட்காவிட்டால் வண்டியை ஓரங்கட்டி எழுந்து போய்ப் பார்ப்பார். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கண்களுக்கு வேலை கொடுக்க அவரிடம் இருந்தது ஒரு கார் மட்டுமே.

கார் என்றால், பாதாம் தோப்பு ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த 1932ஆம் வருடத்து ஃபோர்டின் கூடு. கூரையை வெட்டித் தாழ்த்தி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, நொறுங்கிப்போன புது மாடல் பிக்கப் வண்டி ஒன்றின் பெரிய இன்ஜினை அதில் உட்கார வைத்திருந்தார். கூட நின்று வேலை பார்த்தவர் டுவைட், மனைவி வில்மாவின் தம்பி. பழைய காருக்குப் பழைய இன்ஜின்தான் வேண்டும் என்று டுவைட் ஒற்றைக் காலில் நின்றார். ஹார்லன் கேட்கவில்லை. "சவப்பெட்டிக்கு ஜெட் இன்ஜின் வச்சிருக்க மச்சான்" என்று டுவைட் அதன் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் கார் சங்கம் வசந்தத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஏரிக்குப் போகும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர். அதனால் புறப்படுமுன் சங்கத்து ஆள் ஒருவர் ஒவ்வொரு காரிலும் ஏறி, உடம்பின் பாரத்தையெல்லாம் பிரேக் பெடலில் இறக்கிக் காத்திருப்பார். பெடல் அமுங்கினால் கார் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இந்த வருடம் பயணத்துக்குச் சில நாள் முன்பு வீட்டிலேயே மிதித்துப் பார்த்தபோது, ஹார்லனின் பெடல் அமுங்கியது. அடுத்தடுத்து மிதித்தால் கல் மாதிரி நிற்கும். சற்று விட்டு மிதித்தால் பஞ்சு.

பிரேக் ஆயில் குழாயில் காற்று இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, சக்கரத்துத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் உள்ள திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால், போன காற்று உள்ளே திரும்பிவிடும். மேலே டுவைட், கீழே ஹார்லன். பாட்டில் பாட்டிலாக ஆயில் போனது. ஒரு குமிழிகூட வரவில்லை. பெடலும் இறுகவில்லை.

நான் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவன். சனிக்கிழமைப் பயணத்தைப் பற்றிச் செய்தி கேட்கப் போன என்னை ஹார்லன் வேலியோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"அவன் கால எடுக்கிறான்."

"யாரு?"

"டுவைட்தான். நான் திருக மூடறதுக்குள்ள எடுத்துடறான். இன்ஜின் கோபம் இன்னும் போகல."

"நீங்க பாத்தீங்களா?"

"கீழ படுத்திருக்கறவன் எப்படிய்யா பாப்பான்? அதான் அவனுக்கு வசதி."

பின்னால், கார் நிற்கும் கொட்டகையின் கதவில் புதுப் பூட்டு பளபளத்தது. அப்போதுதான் டுவைட் வந்து இறங்கினார்.

"என்ன மச்சான், புதுப் பூட்டு?"

"ஊர்ல திருட்டு ஜாஸ்தியாயிடுச்சு."

"இந்த ஊர்த் திருடன் எல்லாம் எனக்குத் தெரிஞ்சவன். நான் சொல்லிவைக்கிறேன், பூட்ட எடு."

ஹார்லன் சிரிக்கவில்லை. பூட்டைத் திறந்து, நேரே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். "இன்னிக்கு நான் மிதிக்கிறேன். நீ கீழ படு. எனக்கு இடுப்பு வலி."

"இடுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றது வாசலிலிருந்து வில்மாவின் குரல். "நீ கால சீக்கிரம் எடுத்துடறியாம். தூக்கத்துல கூட அதத்தான் சொல்றான் இந்த மனுஷன்."

டுவைட்டின் முகம் மாறியது. "ஜாக்கி மேல நிக்கிற உன் வண்டிக்கு அடியில எத்தனை தடவ மல்லாந்து படுத்திருக்கேன். ஜாக்கிய எறக்கிடுவியான்னு ஒரு நாள் கேட்டிருப்பேனா?" ஸ்பானரை எடுத்தார். "சரி, படுக்கிறேன். இன்னிக்கும் பெடல் நிக்கலன்னா, என் சாமானெல்லாம் எடுத்துட்டுக் கிளம்பிடுவேன். நீயே கட்டி ஓட்டிக்கோ."

முன்சக்கரங்களைக் கழற்றிய பிறகு கீழே நகர்ந்தார். "மிதி" என்றார். ஹார்லன் மிதித்தார். "பிடி" என்ற சத்தம் வரவில்லை. பிறகு அடியிலிருந்து சிரிப்பு கிளம்பியது.

"மச்சான், காத்து மேல நிக்குமா, கீழ நிக்குமா?"

"மேலதான்."

"அத வெளிய விடற திருகு, ரெண்டு பக்கமும் கீழ இருக்கே?"

ஹார்லன் ஸ்டீயரிங்கைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

"சக்கரத்துக்கு முன்னாடி இருந்த காலிப்பர், எப்ப பின்னாடி வந்துச்சு?"

"நீ ஃப்ரெஸ்னோ போயிருந்தப்ப."

"ஏன் மாத்தின?"

"மட்கார்டு இல்ல. முன்னாடி நின்னு பாத்தா துருத்திக்கிட்டு அசிங்கமாத் தெரிஞ்சுது."

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா சிரிப்ப."

"சிரிச்சிருப்பேன்தான்."

நடந்தது அவ்வளவுதான். அழகுக்காகக் காலிப்பரை அதே சக்கரத்தில் முன்னாலிருந்து பின்னால் திருப்பியதில் அது தலைகீழாகிவிட்டது. திருகு கீழே வந்ததைக் கைக்கு எட்டும் வசதி என்று ஹார்லன் நினைத்துக்கொண்டார். கீழிருந்து சுத்தமான ஆயில் மட்டுமே வந்தது. காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருந்தது.

இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டினார்கள். திருகுகள் மேலே வந்தன.

"மிதி. பிடி. கால எடுத்துடாத மச்சான், எனக்கு உன் மேல சந்தேகம்" என்றார் டுவைட். திருகு திறந்ததும் காற்றும் ஆயிலுமாகப் புஸ்ஸென்று அவர் சட்டையில் அடித்தது. சில தடவைக்குப் பிறகு ஹார்லன் எழுந்து நின்று இரண்டு கால்களாலும் பெடலை அழுத்தினார். அது அசையவில்லை.

"டுவைட்."

"ம்?"

"இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடிச்ச? முன்னாடியே தெரியுமா உனக்கு?"

டுவைட் ஸ்பானரைக் கீழே வைத்தார். "பூட்டக் குடு" என்றார். "இல்லன்னா சனிக்கிழம நீ தனியாத்தான் போகணும்."

சனிக்கிழமை சங்கத்து ஆள் பெடலை மிதித்துப் பார்த்துத் தலையாட்டினார். பள்ளத்தாக்கு வளைவுகளில் நான் அவர்களுக்குப் பின்னால் போனேன். ஹார்லனின் பிரேக் விளக்கு தேவையில்லாத இடங்களிலெல்லாம் எரிந்து அணைந்தது. பக்கத்து சீட்டில் டுவைட் இருந்தார்.

அந்தப் பூட்டு இப்போது கொட்டகையில் பியர் வைக்கும் குளிர்பெட்டியில் தொங்குகிறது. சாவி டுவைட்டிடம். பாட்டில்கள் குறைவதாக ஹார்லன் போன வாரம் என்னை வேலியோரம் கூப்பிட்டுச் சொன்னார்.