பிரெஞ்சை விட்ட கதை

கல்லூரியில் ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். நான் பிரெஞ்சு எடுத்தேன். அதன் ஓசை பிடித்திருந்தது, வேறு ஒரு காரணமும் இல்லை. ஒரு மாதத்துக்குள், நான் பிரான்சுக்குக் கலியாணம் கட்டிப் போகத்தான் படிக்கிறேன் என்று எங்கள் புத்தூர் முழுக்கக் கதை பரவிவிட்டது. கலியாணத் தரகர் பாரிசில் இருக்கும் மாப்பிள்ளை ஒருவரின் சாதகத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை பாஷையும் படிக்குது, பிறகென்ன?" என்றார்.

அம்மா சிரித்துக்கொண்டே அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

மொழியை மாற்ற வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது. பிரெஞ்சில் நல்ல புள்ளிகள் வந்துகொண்டிருந்ததால் விடவும் மனமில்லை. ஜப்பானிய மொழிக்கு மாறட்டோ என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே, பிள்ளை!" என்று அம்மா பதறினா.

அன்றைக்கே ஜப்பானிய மொழிக்கு மாறும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.