நார்பர்ட்டின் போன்டியாக்

என் வீட்டுக்காரர் செஸ்டர் க்ரபோவ்ஸ்கி முப்பத்தொரு வருஷம் கார்த் தொழிற்சாலையில் பெயின்ட் அடித்தவர். ஓய்வு பெற்ற மறுநாளாவது மனுஷன் காலை நீட்டி உட்காருவார் என்று பார்த்தேன். எங்கே! நேராக பேஸ்மென்ட்டில் இறங்கி, ஒரு ஜாண் நீள பிளாஸ்டிக் காருக்குப் பெயின்ட் அடிக்க உட்கார்ந்துவிட்டார். ஏழு வருஷத்தில் அப்படி அறுபது கார்கள். என் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்கூட இரண்டு நிற்கின்றன. அறுபதையும் ஆசைக்குச் செய்தார். அறுபத்தொன்றாவது காரை மட்டும் அண்ணனுக்காகச் செய்தார்.

அது 1962-இல் ஆரம்பித்த கதை. அப்போது செஸ்டருக்கு ஒன்பது வயது, அண்ணன் நார்பர்ட்டுக்குப் பதின்மூன்று. நார்பர்ட் ஒரு குளிர்காலம் முழுக்கப் பனியில் வீடு வீடாகப் பேப்பர் போட்டு, போன்டியாக் பொம்மைக் கார் ஒன்றின் பாகங்கள் அடங்கிய பெட்டி வாங்கி, தானே ஒட்டி, மெரூன் நிறம் பூசி வைத்திருந்தார். ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்துக்காகத் தெருவே வெடி வெடித்துக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து மாடி அறையில் படுத்திருந்தார். நம்ம ஆள் அந்தக் காரைத் தூக்கிக்கொண்டு போய், உள்ளே ஒரு சிவப்பு உருண்டை வெடியை வைத்து, தெருப் பையன்களோடு சேர்ந்து பற்ற வைத்துவிட்டார். எங்கள் ஊரில் பையன்கள் பழைய கார்களை அப்படித்தான் வழியனுப்புவார்கள். ஆனால் அது மூன்று வார வயதுள்ள கார். அதுவும் அடுத்தவன் கார்!

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூலை நாலாம் தேதியும் எங்கள் கொல்லையில் குடும்பம் கூடும். நார்பர்ட் தட்டு நிறைய சாஸேஜை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார்.

"டேய் செஸ்டர், என் கார் எங்கடா?"

எல்லோரும் சிரிப்பார்கள். செஸ்டரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாதா?

போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில் நார்பர்ட் ஒரு செய்தி சொன்னார். முட்டி வலி தாங்கவில்லை, அடுத்த கோடை முடிந்ததும் மகளோடு அரிசோனாவுக்கே போய்விடுகிறேன் என்றார். அன்று செஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை.

"அவன் போறதுக்குள்ள அந்தக் காரை அவன் கையில குடுத்துடணும், அர்லீன்" என்றார்.

அதே வருஷத்து, அதே போன்டியாக் வேண்டும். ஒரு தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த பழைய பொம்மைச் சந்தையில் கிடைத்தது. புதுப் பெட்டி இல்லை. யாரோ ஒரு சின்னப் பையன் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒட்டிய கார். கண்ணாடியெல்லாம் பசை வழிந்து, மேலே பச்சைப் பெயின்ட் தோசைமாவு கனத்துக்கு அப்பியிருந்தது. ஒரு டயர் நாள்பட்டுத் தன் பிளாஸ்டிக் சக்கரத்தையே உருக்கித் தின்றிருந்தது. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, பெண் பார்க்கப் போய் வந்தவர் மாதிரி பூரித்துப்போய் நின்றார்.

மறுநாள் காலை ஃப்ரீசரைத் திறக்கிறேன், உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டைப் பொட்டலங்களுக்கு நடுவே பச்சைக் கார்.

"யோவ், ஃப்ரீசர்ல என்னய்யா கார் நிறுத்தியிருக்கே?"

"எடுக்காதே, எடுக்காதே! நல்லா உறைஞ்சாத்தான் பழைய பசை விட்டுக்கொடுக்கும்."

"அப்ப உன்னையும் ஒரு நாள் உள்ளே வெச்சுப் பாக்கணும். நீயும் எதையும் விட்டுக்கொடுக்கிறதில்ல."

ஆனால் சும்மா சொல்லக் கூடாது. எடுத்து லேசாகத் திருகியதும் ஒவ்வொரு துண்டாகப் பொலபொலவென்று பிரிந்தது. பிறகு பிரேக் ஆயிலில் ஊறவைத்துப் பச்சையைக் கழற்றினார். அந்தக் காலத்துப் பொம்மைக் கார்களில் சக்கரங்களை இணைக்கிற கம்பி என்ஜின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு போகும். அந்த ஓட்டையை அடைத்து, கம்பிக்கு வேறு வழி செய்தார். தலைமுடி மாதிரி எட்டு ஒயர்களை என்ஜினில் செருகினார். அதற்கே மூன்று வாரம். மூடியைத் திறந்தால்தான் அது தெரியும். ஜன்னல் விளிம்புகளுக்கு வெள்ளித்தாள் ஒட்டி, பஞ்சுக் குச்சியால் தேய்த்துத் தேய்த்து நிஜக் குரோமியம் மாதிரி மின்ன வைத்தார்.

வெள்ளித்தாள் ஒட்டியது இரண்டாவது கூட்டில், அதாவது காரின் மேலுடம்பில். முதல் கூடு என்ன ஆனது என்பதுதான் இந்த மனுஷனின் வண்டவாளம்.

மெரூன் நிறம் கண்ணாடிபோல வந்திருந்தது. சீக்கிரம் காயட்டும் என்று, நான் கிறிஸ்துமஸுக்குக் காளான் உலர்த்துகிற மின்பெட்டியில் கூட்டை வைத்தார். அவருடைய பொம்மைக் கார் கிளப்பில் பாதிப் பேர் அப்படித்தான் காயவைக்கிறார்கள், லேசான சூட்டில். ஆனால் முப்பத்தொரு வருஷம் இரும்புக் காரை ராட்சத அடுப்புக்குள் அனுப்பியவருக்கு லேசான சூட்டில் நம்பிக்கை வருமா? திருகியை இறைச்சி உலர்த்தும் சூடு வரைக்கும் திருகிவிட்டு, தோட்டத்துக்குப் புல் வெட்டப் போய்விட்டார்.

நான்தான் முதலில் பார்த்தேன். காரின் கூரை ஒரு பக்கம் தொய்ந்து, யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது.

"செஸ்டர், உன் காரு கண்ணடிக்குது."

ஓடி வந்தார். பார்த்தார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பிளாஸ்டிக்னு மறந்துட்டேன் அர்லீன். இரும்புன்னே கை நெனச்சுப்போச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அப்புறம் எட்டு மாதம் தேடினார். கடைசியில் கிளப் நண்பர் ஒருவர், செஸ்டரிடமிருந்த பிரிக்காத பெட்டிகள் இரண்டை வாங்கிக்கொண்டு, அதே காரின் இன்னொரு கூட்டைக் கொடுத்தார். கோணல் கூட்டைக் குப்பையில் போடச் சொன்னேன். கேட்டால்தானே! உதிரிப் பெட்டிக்குள் பத்திரமாகப் போய்விட்டது.

போன ஜூலை நாலாம் தேதி நார்பர்ட் வந்தார். தட்டை நிரப்பினார். வாயைத் திறந்தார்.

"டேய் செஸ்டர், என் கார்..."

முடிப்பதற்குள் செஸ்டர் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார். நார்பர்ட் காரை வெளியே எடுத்தார், கண்ணாடியை மூக்கில் ஏற்றினார், மூடியைத் திறந்து எட்டு ஒயரையும் எண்ணினார்.

"பிரமாதம்டா. ஆனா இது இல்லடா நீ எனக்குக் குடுக்க வேண்டியது."

செஸ்டர் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் சாஸேஜ் தட்டைப் பிடுங்கியிருப்பேன். அதற்குள் நார்பர்ட்டே சொல்லிவிட்டார்.

"அந்த சிவப்பு வெடி உனக்கு எங்க கெடச்சுது?"

"உன் மெத்தைக்கடியில..."

"எதுக்குடா வாங்கி வெச்சிருந்தேன்? அந்தக் காரை நானே ஒரு நாள் வெடிக்கத்தான்! மாடியில கழுத்து வீங்கிப் படுத்துக் கெடக்கேன், டமார்னு சத்தம், தெருவே சிரிக்குது. ஒரு பயலாவது என்னைக் கூப்பிட்டானா? காரு போனா போகுது. நான் அதைப் பாக்கலையேடா!"

ஐம்பத்து மூன்று வருஷம்! அத்தனை நாளும் இந்த மனுஷன் எதற்கு அழுதுகொண்டிருந்தார், அந்த மனுஷன் எதற்கு அழுதுகொண்டிருந்தார் பாருங்கள். இரண்டும் சரியான அழுத்தம்.

செஸ்டர் நல்ல காரைப் பார்த்தார். பதினான்கு மாத உழைப்பு. கை அதன் பக்கம் நகர்ந்தது. ஐயோ, இதையே வெடிக்கக் கொடுத்துவிடப் போகிறார் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். திடீரென்று எழுந்து, படிகளில் தடதடவென்று இறங்கி, அந்தக் கோணல் கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுக்கு என்னடா ஆச்சு?" என்றார் நார்பர்ட்.

"அவரையே கேளுங்க, காளானோட சேத்து வறுத்தாரு" என்றேன் நான்.

புல்வெளி நடுவே வைத்தார்கள். செஸ்டர் வெடியை உள்ளே செருகி, தீப்பெட்டியை அண்ணன் கையில் கொடுத்தார். முட்டி மடக்கவே முடியாத நார்பர்ட் முனகிக்கொண்டே குனிந்து பற்ற வைத்துவிட்டு, அறுபத்தாறு வயசில் ஓடினார் பாருங்கள், ஒரு ஓட்டம்! டமார். மெரூன் துண்டுகள் பறந்தன. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

கூரை மட்டும் முழுசாகப் புல்லில் கிடந்தது. நார்பர்ட் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நல்ல காரைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு போனார்.

இந்த ஜூலை நாலாம் தேதி அரிசோனாவிலிருந்து ஒரு படம் வந்தது. அலமாரியில் பளபளவென்று போன்டியாக். அதற்கு முன்னால், காரைப் பாதி மறைத்துக்கொண்டு, அந்தத் தொய்ந்த கூரை.

"பதினாலு மாசம் செஞ்ச காரைப் பின்னாடி தள்ளிட்டு, இந்தக் குப்பையை முன்னாடி வெச்சிருக்கான் பாரு மடையன்!" என்று செஸ்டர் கத்தினார். கத்திவிட்டு, அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொல்லி என்னைக் கடைக்கு விரட்டினார்.