லுமுட் கடலில் நின்று நின்று போன ஜெனரேட்டர்

அன்பர்களே, எனக்கு நீச்சல் தெரியாது. மலேசியாவின் ஈப்போவில் மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவனுக்கு நீச்சல் எதற்கு என்றுதான் 1979 ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை வரை நினைத்திருந்தேன். அன்று பத்தரை மணிக்கு லுமுட்டுக்கு வெளியே, ஓட்டை விழுந்த படகில், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

படகு என் மனைவியின் அண்ணன் மணியத்துடையது. சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர், அதை விட்டுவிட்டு மீன்பிடிக்க இறங்கியிருந்தார். மூன்று சின்னப் பிள்ளைகள். பூஜைக்கு விருந்தாளியாகப் போன என்னை, "வா மச்சான், கடல் காத்து வாங்கலாம்" என்று கூட்டிப்போனார்.

மிதந்து வந்த மரக்கட்டை ஒன்று மோதியது. புரொப்பல்லர் உடைந்தது. அடிப்பலகை இடுக்கில் தண்ணீர் கொப்பளித்தது. அதை வெளியே தள்ள ஒரு மின்சாரப் பம்பு இருந்தது. பம்பை ஓட்ட ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். அது ஓடினால் மிதப்போம். நின்றால் மூழ்குவோம்.

ஓடியது. பத்து நிமிடம். இருமியது. நின்றது.

"பயப்படாத மச்சான், நான் இருக்கேன்லா" என்றேன். முன்பு தோட்டத்துத் தொழிற்சாலையில் பெரிய பெரிய இஞ்சின்களையே மேய்த்தவன் நான். மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தேன்; இருந்தது. மூடினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, கயிற்றை இழுத்தேன். ஓடியது! மீசையை முறுக்கினேன். பத்து நிமிடம். நின்றது.

மறுபடியும் மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்தேன். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன். ஓடியது, நின்றது. மறுபடி பெட்ரோலைப் பார்த்து, வயரை மாற்றினேன். ஓடியது, நின்றது. ஒவ்வொரு தடவையும் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிப்பு வேறு.

"மூணு தடவ சரி பண்ணிட்ட மச்சான்" என்றார் மணியம், தகர டின்னால் தண்ணீரை இறைத்துக்கொண்டே. "நாலாவது தடவயும் சரி பண்ணுனா நாம மீனோட மீனு."

"பேசாம தண்ணிய எறை!"

"எறைச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். கத்துறது நீதான்லா."

அதுவரை முருகனுக்கும் எனக்கும் தைப்பூசத்தன்று மட்டும்தான் பழக்கம். அதுவும் அன்னதானப் பந்தல் வழியாக. அன்று பேரம் தொடங்கினேன். தண்ணீர் கணுக்காலில் இருந்தபோது பால்குடம் என்று வேண்டினேன். கெண்டைக்காலுக்கு ஏறியதும் காவடி. முழங்காலைத் தொட்டதும் மொட்டை, அலகு, சிகரெட்டை விடுவது எல்லாம் ஒரே மூச்சில். இன்னும் ஓர் அங்குலம் ஏறியிருந்தால் மனைவியின் சாம்பாரைக் குறை சொல்வதையும் விட்டிருப்பேன்.

நாலாவது தடவையும் மூடியைத் திறந்து பார்த்து, எதையோ தட்டி ஜெனரேட்டரை ஓட வைத்திருந்தேன். நிற்கப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். மணியம் டின்னைக் கீழே வைத்தார். "புள்ளைங்க தூங்குதுங்கன்னு சொல்லாமயே வந்துட்டேன் மச்சான்" என்றார்.

அதோடு என் பேரம் தீர்ந்தது. வாய்விட்டு அழுதேன். "முருகா, எனக்கு ஒண்ணும் தெரியல. அதுங்களுக்கு அப்பன் வேணும். நீ பாத்துக்க."

திருநீறு பூசிக்கொள்ளலாம் என்று பையில் கைவிட்டேன். நனைந்து கரைந்திருந்தது. பெட்ரோல் மூடிமேல் முதல் நாள் பூஜைக்கு வைத்த சந்தனம் கண்ணில் பட்டது. நகத்தால் சுரண்டி என் நெற்றியிலும் மணியத்தின் நெற்றியிலும் வைத்தேன்.

பத்து நிமிடம். பதினைந்து. மூச்சுவிடவே பயந்தேன். அரை மணி நேரமாகியும் அது நிற்கவில்லை!

குனிந்து பார்த்தேன். மூடியின் நடுவில் ஊசிமுனை அளவு துளை. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்றுப் போவதற்கான துளை. அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. முதல் நாள், 'இதுதான் நெற்றி மாதிரி இருக்கிறது' என்று சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் அப்பியவன் சாட்சாத் நான்தான். பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்றுப் புகுந்து, பத்து நிமிடம் உயிர் கொடுத்திருக்கிறது. என் ரிப்பேர் எதுவும் ரிப்பேரே இல்லை.

மணியம் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடப்பாவி, பொட்டு வச்சே கொல்லப் பாத்தியா!" இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம், சிரித்தோம். மதியம் ஒரு சீனரின் மீன்படகு எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது.

"ஒன் நகம் சுரண்டுனதுக்குச் சாமி எதுக்குலா?" என்று பட்டறையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் கெட்டிக்காரத்தனத்தை நம்பியிருந்த வரைக்கும் என் கை அந்த இடத்துக்குப் போகவில்லை. தெரியவில்லை என்று அழுத பிறகுதான் போனது.

நேர்ந்துகொண்டபடி காவடி எடுத்தேன். மொட்டை போட்டேன், முடி பாதிதான் திரும்பி வந்தது, பரவாயில்லை. சிகரெட் அன்றோடு போயிற்று. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் இருக்கிறேன், பந்தல் இல்லாத நாளிலும்.

போன மாதம் மணியத்தின் மூத்த மகளுக்குக் கல்யாணம். மணியம் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று ஓடுவதும் நிற்பதுமாக இருக்கலாம். முருகனிடம் சொல்லுங்கள். பேரம் வேண்டாம், நான் பேசிப் பார்த்துவிட்டேன். 'எனக்குத் தெரியவில்லை, நீ பார்த்துக்கொள்' என்று மட்டும் சொல்லுங்கள். என்னைப் போன்றவனுக்கே காது கொடுத்தவன், உங்களைக் கைவிடமாட்டான்.