பாயில் இருந்த சரோஜா

வெயிலில் காய்ந்த கோரைப்பாயின் வாசம் எங்கிருந்தாவது வந்தால் இன்றும் நின்று திரும்பிப் பார்ப்பேன். கருங்குழியில் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், அம்மாவின் பெயரைத் தேடி அக்கம்பக்கத்துப் பாய்களையெல்லாம் விரித்துப் பார்த்தவள் நான்.

வயிற்றில் கட்டி என்று அம்மாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிழைப்பாளா என்று பெரியவர்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால், ஒரு தலையணை உறையில் அவள் பெயரைத் தைத்து அனுப்பவேண்டும், அதைப் பார்த்தால் எப்படியும் வீடு வந்துவிடுவாள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். பள்ளியில் கற்ற 'கிராஸ் தையல்' கைவசம் இருந்தது. கட்டம் கட்டமான 'மேட்டி துணி'யும் சிவப்பு நூலும் இருந்தன. பெயருக்கு மாதிரிதான் இல்லை. தையல் டீச்சரின் புத்தகத்தில் ரோஜாவும் அன்னமும் ஆங்கில எழுத்துகளும் மட்டுமே. நானே போட்டுப் பார்த்த தமிழெழுத்துகள் கட்டத்துக்குள் அடங்காமல் மிதிபட்ட நண்டு போல வந்தன.

அம்மாவோ படிக்காதவள். கல்யாணத்துக்குச் சொல்லி நெய்த பாயில் 'கோவிந்தன் சரோஜா' என்று இருந்ததில், தான் படுக்கும் பக்கம் இருப்பது தன் பெயர் என்று அந்த வடிவம் மட்டும் அவளுக்குத் தெரியும். பாயில் எழுத்தெல்லாம் படிக்கட்டு போலச் சதுரம் சதுரமாக இருக்கும். எனக்கு வேண்டிய மாதிரி அதுதான். ஆனால் அந்தப் பாயை அப்பா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்.

தண்ணீர் கேட்கவே கூசுகிற நான், புருஷன் பெண்டாட்டி படுக்கும் பாயைக் காட்டச் சொல்லி வீடு வீடாக நின்றேன். "இன்னாடி, எங்க பாய வேவு பாக்க வந்துக்கீறியா? உங்க மாமா கொறட்டை வுட்டே கியிச்சி வச்சிக்கீறாரு, நல்லா பாத்துக்கோ" என்று எதிர்வீட்டு சரசு அக்கா சிரித்துக்கொண்டே உதறிக் காட்டினாள். அவள் பாயில் 'ச' கிடைத்தது, கிரிஜா அத்தை பாயில் 'ஜா', கோடிவீட்டுப் பாயில் 'ரோ'. ஒவ்வொரு பாயின் எழுத்தும் ஒவ்வொரு உயரம். சேர்த்து வைத்தால் அது அம்மாவாகவே தெரியவில்லை. அழுதுகொண்டே பிரித்தேன்.

மறுநாள் காலை ஆபரேஷன் என்று அப்பா சொல்லியனுப்பியதும், சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அப்பா பாயை மடிப்பில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ள, கோரையை எண்ணி எண்ணித் தைத்தேன். பொழுது சாய்வதற்குள் 'சரோஜா' வந்துவிட்டாள். அப்பா உறையை உள்ளே கொண்டுபோனார்.

காலையில் தள்ளுவண்டியில் அம்மாவை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுவந்தபோது உறை அவள் கையில் இருந்தது. எழுத்தை விரலால் தடவியபடி என்னைப் பார்த்தாள்.

"உங்கப்பா பேரு எங்கடி? என்ன மட்டும் தனியா வுட்டுட்டியே."

உறையை என் கையில் திணித்து, "தெச்சி வெய்யி, வந்து பாக்குறேன்" என்றாள். கதவு சாத்தப்பட்டது.

வராந்தாவிலேயே பாயை விரித்து உட்கார்ந்தேன். ஊசியை நிறுத்தினால் உள்ளே ஏதோ நின்றுவிடும் என்று ஒரு பயம். 'கோ' முடிந்தது. 'வி'யின் கொக்கியைப் போட்டு முடித்தபோது நர்ஸம்மா வந்து அப்பா பெயரைக் கூப்பிட்டார்; நான் தலை நிமிரவில்லை. "பொயச்சிக்கினாங்கய்யா" என்ற குரல் கேட்டு, நின்றிருந்த அப்பா பாய்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். என் ஊசி அங்கேயே நின்றது.

வீட்டுக்கு வந்தபின் மீதியைத் தைக்க எத்தனையோ முறை கேட்டேன். "வேணாம்டி, நான் திரும்பி வந்த எடம் அது. அப்படியே இர்க்கட்டும்" என்று அம்மா கடைசிவரை விடவில்லை.

இப்போது அவளும் இல்லை, அப்பாவும் இல்லை, பாயும் நைந்து போயிற்று. கல்யாணத்துக்குக் கட்டிலும் பெயரில்லாத மெத்தையும் வருகின்றன. தங்கை மகள் கல்யாணத்துக்குப் பெயர் தைத்த உறை கொடுக்கலாம் என்று போன வாரம் மாதிரி தேடினேன். எந்தப் பெயரை அடித்தாலும் போன் நொடியில் கட்டம் போட்டுக் காட்டுகிறது. அப்பா பெயரை அடித்தேன். இத்தனை வருஷமாக விட்டுப்போன 'ந்தன்' முழுசாக வந்து நின்றது. பழைய உறையை மடியில் விரித்து ஊசியில் சிவப்பு நூலைக்கூடக் கோத்துவிட்டேன்.

பிறகு பழைய உறையை அப்படியே மடித்து வைத்துவிட்டு, அந்த நூலிலேயே தங்கை மகளின் பெயரையும், பக்கத்தில் மாப்பிள்ளை பெயரையும் புதுத் துணியில் தைக்கத் தொடங்கினேன்.