மீன மாதத்தில் வெட்டிய குழி

கூரை ஒழுகினால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். நிலவறையில் தண்ணீர் ஊறினால் ஓவர்சியரின் மூஞ்சியைப் பார்ப்பார்கள். மராமத்து இலாகாவில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் தமிழ்நாட்டோடு சேருவதற்கு முன்பு, திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் காலம். நாகர்கோவிலுக்கு மேற்கே ரோட்டோரம் ஒரு பத்திரப் பதிவுக் கச்சேரி கட்டினோம். ஊர்க்காரர்களின் நிலத்துப் பத்திரங்களை அடுக்கி வைக்க அடியில் எட்டடி ஆழத்தில் ஒரு நிலவறை. நான் அங்கே தற்காலிக ஓவர்சியர். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். கட்டடம் ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம் என்றார்கள். முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

பாய் விரிக்கலாம்

இடம் சரிதானா என்று பார்க்க மீன மாதத்தில், பங்குனி வெயிலில், சோதனைக் குழி வெட்டினேன். பத்தடி போயும் சொட்டு ஈரம் இல்லை. மண்ணை எடுத்துப் பிசைந்தால் தவிடாக உதிர்ந்தது. 'நிலவறை கட்டத் தகுந்த இடம்' என்று அறிக்கை எழுதி, பெரிதாக ஒரு கையெழுத்தும் போட்டேன். குழிக்குள் இறங்கி நின்று பார்த்த செல்லையா கொத்தனார் சொன்னார்: "சாரே, இதுக்குள்ள பாய் விரிச்சுக் கெடந்து உறங்கலாம்."

சிமெண்டுக்கு வேர்க்குது

சுவர் எழும்பி, தரையும் போட்டாயிற்று. இடவம், அதாவது வைகாசி, பாதியில் மழை பிடித்தது. ஒருநாள் காலையில் தரை மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மறுநாள் பாய் அகலம். அடுத்த வாரம் கணுக்கால் அளவு தண்ணீர்.

மழை நின்றால் சரியாகிவிடும் என்று திருவனந்தபுரத்தில் இருந்த எங்கள் இஞ்சினியருக்கு எழுதினேன். மழை நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. இறைக்க ஆள் வைத்தேன். தங்கம்மை என்று ஒரு அம்மாள், நடவு இல்லாத நாளில் கூலிக்கு வருகிறவர். விடிந்ததும் ஓலைப்பட்டையோடு இறங்கினால் பொழுது சாயும்வரை இறைப்பார். இறைத்த இடத்தில் கொத்தனார் அவசர அவசரமாகப் பூசுவார். பூச்சு காய்வதற்குள் அதன்மேல் மணிமணியாகத் துளிர்க்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. கொத்தனாரோ தலைத்துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டே, "சிமெண்டுக்கு வேர்க்குது சாரே, உமக்கு வேர்க்குத மாதிரிதான்" என்றார்.

அஞ்சு நாள் சந்தோஷம்

ஆடி பிறக்கும் சமயம் பேய்மழை. குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், நிலவறையில் தண்ணீர் குறைந்திருக்கிறது! மறுநாள் தரை தெரிந்தது. பூச்சு ஜெயித்துவிட்டது என்று குதித்தேன். கொத்தனாருக்கு டீயும் பழமும் வாங்கிக் கொடுத்தேன். இஞ்சினியருக்கு 'பிரச்சினை தீர்ந்தது' என்று எழுதிய கடிதத்தைத் தபாலிலும் போட்டுவிட்டேன். ஆறாம் நாள், வெயில் பளீரென்று அடிக்க, பழையபடி கணுக்கால் தண்ணீர்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மழை பெய்யும்போது காய்கிறது, வெயிலடிக்கும்போது ஊறுகிறது; இது என்ன கூத்து? பட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிய தங்கம்மை என்னைப் பாவமாகப் பார்த்தார். "மேல சானல்கரை ஒடஞ்சு, அஞ்சு நாளா தண்ணிய அடச்சுப் போட்டிருந்தாவல்லா? நேத்துத்தான் திறந்து விட்டாவ. பெறவு இங்க வராம எங்க போவும் சாரே?"

ஊற்று என்று எழுதும்

படியேறி ஓடிப் பார்த்தேன். கட்டடத்துக்குப் பின்னால் இருநூறு அடி தள்ளி, மேட்டில் போகிறது பாசனச் சானல். கும்பப்பூ என்கிற மாசிப் போக அறுப்பு முடிந்தால், சானலுக்குத் தண்ணீர் விடும் அணையை அடைப்பார்கள்; இடவத்தில்தான் திறப்பார்கள். நான் குழி வெட்டிய மீன மாதத்தில் சானலில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் யார்? வயல்காரன் மகன்! சானல் கரையில் நடந்தே பள்ளிக்கூடம் போனவன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மருந்து தெரிந்துவிட்டது. சானலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே, நிலவறைத் தரையைவிட ஒரு முழம் ஆழமாக ஓடை வெட்டி, கருங்கல் சல்லி நிரப்பி, ஊறும் தண்ணீரைப் பள்ளத்து வயலுக்குத் திருப்பிவிட வேண்டும். ஆனால் அதற்கு அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் என் குழியின் மாதம் வெளியே வரும். கொத்தனார் காதருகே வந்து சொன்னார்: "அடியில ஊத்துன்னு எழுதும் சாரே. ஊத்த யாரு சஸ்பெண்டு செய்ய முடியும்?"

ரெண்டு ஒப்பு

எழுதவும் செய்தேன். பிறகு கிழித்தேன். ஊற்று என்றால் தரையைக் கனமாக்கச் சொல்வார்கள், ஓடை வராது; தண்ணீர் ஊருடைய பத்திரத்தையெல்லாம் நனைத்துவிட்டு என்னையும் கொண்டுபோகும்.

நான் போட்ட இரண்டு கடிதத்தையும் வாசித்துவிட்டு இஞ்சினியரே திருவனந்தபுரத்திலிருந்து வந்துவிட்டார். பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "குழி வெட்டியது எப்போழ்?" என்றார் மலையாளம் கலந்து. "மீனம், சார்." கோப்பைப் புரட்டி என் அறிக்கையை எடுத்தார். நான் மனதுக்குள் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அவர் தாளை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து, அவர் மொழியில் 'ஒப்பு', அதே மீன மாதத் தேதியோடு.

"ரெண்டு ஒப்பு உண்டு எடோ. செரி, சல்லி எப்போழ் வரும்?"

காய்ந்த தரை

ஓடை வெட்டி ஒரு மாதம். சானல் நிறைய தண்ணீர், வெளியே மழை, நிலவறைத் தரை காய்ந்து கிடந்தது. அப்போதும் நம்பிக்கை வராமல் தினமும் இறங்கி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். அப்படி ஒரு காலையில் தங்கம்மை பட்டையோடு வந்து படியில் நின்றார். நான் வாயெல்லாம் பல்லாக, "பாத்தியளா, ஒம்ம வாக்குதான் என்னைக் காப்பாத்துச்சு" என்றேன். அவர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பட்டையைக் கக்கத்தில் இடுக்கினார்.

"நல்லதுதான் சாரே. அப்போ நாளைக்கு நான் வரண்டாம், இல்லியா?"

தற்காலிகமாக இருந்த எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு அந்த வருஷமே வேலை நிரந்தரமாயிற்று.