தோலோடு வேகும் கேரட்

ஆறு பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே சமையல்கூடம். ஆயிரத்து நானூறு பிள்ளைகளின் மதிய உணவு அங்கிருந்துதான் போகிறது. அதன் தலைமைச் சமையல்காரிக்கு 'தராசக்கா' என்று பட்டப்பெயர் வைத்தவள், காய் கழுவும் வாயாடிப் பெண். உப்பைக்கூடக் கைக்கணக்கில் போடமாட்டார் அக்கா. நிறுத்துப் பார்த்தால்தான் எதையும் நம்புவார்.

சென்ற ஆண்டு, பூச்சிமருந்து தெளிக்காமல் விளைந்த காய்கறிகளை மூன்று மாதம் சோதனையாக வாங்க நகராட்சி ஒப்புக்கொண்டது. சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காக நான்கு ஆண்டுகள் மனு எழுதினார் தராசக்கா. காரணம் வீட்டிலேயே இருந்தது. அவர் கணவர் பதினெட்டு ஆண்டுகள் தோட்டங்களில் மருந்து தெளித்தவர். முகமூடி இல்லை, கையுறை இல்லை. இன்று அவர் விரல்களுக்குச் சட்டைப் பொத்தான் பிடிபடுவதில்லை. தினமும் பொத்தான் போட்டுவிட்டுத்தான் அக்கா வேலைக்குக் கிளம்புகிறார். எல்லாம் விதி என்று ஆறுதல் சொல்ல வந்த நாத்தனார் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"விதியா வந்து முதுகுல மருந்து டிரம்மக் கட்டிவிட்டுச்சு? முதலாளிதானே கட்டிவிட்டாரு!"

மூன்றாவது மாதம் உணவுத் துறை அதிகாரி ஒரு படிவத்தோடு வந்தார். முன்பு நாளுக்கு நாற்பது கிலோவாக இருந்த கழிவு, அறுபத்திரண்டாக ஏறியிருந்தது.

"பாத்தீங்களாம்மா? பிள்ளைங்களுக்குப் பிடிக்கல, தட்டுல அப்படியே விட்டுடுறாங்க. அடுத்த திங்கக்கிழமை நகராட்சிக் கூட்டத்துல இதை நிறுத்திடுவாங்க. இலவசச் சாப்பாட்டுக்கு எதுக்கு இந்த ஆடம்பரம்?"

"உங்க வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் காய் சார் வாங்குறீங்க?"

அதிகாரி படிவத்தை மடித்தார். "அது எங்க வீட்டு விஷயம்."

வசதியுள்ள வீட்டில் அதற்குப் பெயர் அக்கறை. ஊர்ப் பிள்ளைகளின் தட்டுக்கு வந்தால் ஆடம்பரம்!

அக்கா யோசித்தார். படிவத்தில் கழிவுக்கு ஒரே கட்டம்தான் இருந்தது. பள்ளிகளிலிருந்து திரும்பும் மிச்சமும் சமையல்கூடத்தில் சீவித் தள்ளிய தோலும் ஒரே தொட்டியில் விழுந்து, ஒரே எண்ணாகப் போய்க்கொண்டிருந்தன. மறுநாள் இரண்டு தொட்டிகள் வைத்தார். ஒன்று மிச்சத்துக்கு, மற்றொன்று தோல் சீவும் மெஷினுக்கு அடியில். மாலையில் நிறுத்தார்கள். மிச்சம் பதினெட்டு கிலோ, மெஷின் தொட்டி நாற்பத்து நான்கு.

"அக்கா, பிள்ளைங்க மேல பழியப் போட்டுட்டு இவ்வளவு நாளா இந்த மெஷின்தான் மொக்கியிருக்கு!" என்றாள் வாயாடி.

அக்கா சிரிக்கவில்லை. முன்பு வாங்கிய கேரட் அச்சில் வார்த்ததுபோல் ஒரே பருமன். அதற்கு ஒன்றரை நிமிடம் என்று பதினொரு ஆண்டுகளுக்கு முன் மெஷினைத் திருகி வைத்தவர் அவரேதான். புதிய கேரட் விரல் பருமனில் கோணல்மாணலாக இருந்தது. அதே ஒன்றரை நிமிடத்தில் பாதி தேய்ந்து போனது.

"தப்பு என்னோடதுதான்டி. எல்லாத்தையும் நிறுப்பேன்னு பீத்திக்கிட்டேன், இதை நிறுக்கலையே."

"விடுங்கக்கா, நேரத்தக் குறைச்சுடலாம்."

"எதுக்குக் குறைக்கணும்? சீவுறதே எதுக்கு?" அக்கா சுவரைக் காட்டினார்.

'மருந்தின் எச்சம் இருக்கும் என்பதால் கேரட், பீட்ரூட் ஆகியவற்றைத் தோல் சீவாமல் சமைக்கக் கூடாது.' கீழே அதிகாரியின் கையெழுத்து. மருந்தே படாத காயையும் அந்தக் காகிதத்துக்குப் பயந்து சீவிக்கொண்டிருந்தார்கள். மூடநம்பிக்கைக்கு மந்திரம்தான் வேண்டுமென்பதில்லை, ரப்பர் முத்திரையே போதும்.

மறுநாள் மெஷின் நின்றது. ஐந்து பெண்கள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்று, கேரட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் தோலோடு வேகவைத்தார்கள்.

"அதிகாரி கேட்டா என்னக்கா சொல்றது?"

"கேக்கட்டும்டி. கேட்டாத்தானே பதில் சொல்ல முடியும்."

திங்கட்கிழமை கூட்டத்தில் அதிகாரி அதைத்தான் கேட்டார். "விதிய மீறியிருக்கீங்களேம்மா?"

"மீறினேன் சார். மருந்து இருக்குன்னு சீவச் சொன்னீங்க. இப்ப மருந்து இல்ல. காரணம் செத்துப்போச்சு, காகிதம் மட்டும் உசுரோட இருக்கு. அந்த அறுபத்திரண்டு கிலோவுல நாப்பத்து நாலு கிலோ, தப்பா திருகி வெச்ச மெஷின் சீவித் தள்ளினது. இந்த வாரக் கழிவு நாளுக்கு இருபத்தொரு கிலோ. முன்னாடி இருந்ததுல பாதிதான்."

"அப்ப மெஷினத் தப்பா வெச்சது யாரு?" என்றார் கூட்டத் தலைவி.

"நான்தாம்மா. எழுதிக்குங்க."

தன் தவறைக் கிலோக்கணக்கில் ஒப்புக்கொண்ட ஒருவரை அந்த அறை அதற்குமுன் பார்த்ததில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் நிறைந்த அறையில், அதைச் செய்து காட்டியவர் ஒரு சமையல்காரி. சோதனை அன்றே நிரந்தரத் திட்டமானது. சுவரில் இருந்த காகிதத்தை அதிகாரியே வந்து கிழித்தார். மெஷினின் தலையில் இப்போது ஐந்து பிரஷ்கள் காய்கின்றன.

அன்று மாலை வாசலிலேயே காத்திருந்தார் கணவர்.

"என்ன ஆச்சு?"

"இனிமே எப்பவும் மருந்தடிக்காத காய்தான்."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். "அப்ப அந்தக் காய் விளையுற தோட்டத்துல மருந்து டிரம் தூக்க ஆள் வேண்டாம்ல?"

"ஒருத்தர்கூட வேண்டாங்க," என்றார் தராசக்கா.