வெள்ளிக்கிழமை விலாங்கு

என் அம்மா யாரையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. பால்காரன் அளக்கும்போது பாலைப் பார்க்கமாட்டாள், உழக்குக்குள் அவன் கட்டைவிரல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பாள். அவளுக்கு வந்து வாய்த்த மாப்பிள்ளை, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கியாக்தான் ஊர்க்காரர். அந்த ஊரில் விசாரித்துப் பார்க்க எங்களுக்கு ஒரு ஆள் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம். ரங்கூனில் பசுந்தாங்கில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. அக்காவுக்குப் பேசி முடித்திருந்தவர் ஜப்பான்காரர்களின் கம்பெனி ஒன்றில் கிளார்க். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் பின்வாங்கினால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். நிறுத்துவதானால் அதற்குள் நிறுத்திவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்காவோ அவர் வந்துபோன நாளிலிருந்து கண்ணாடி முன்னால் அதிக நேரம் நின்றாள்.

அந்தச் சமயம் பார்த்து, பேச்சு முடிந்த சந்தோஷத்துக்கு எங்கள் எல்லாரையும் மாப்பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அதுவும் ஒரு ஜப்பான்காரர் நடத்தும் விலாங்குக் கடைக்கு. அதுவும் வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை விருந்து வைக்கிறவன் என்ன வேதக்காரன்?" என்றாள் அம்மா. அன்றைக்கெல்லாம் கத்தோலிக்கர்களான நாங்கள் வெள்ளிக்கிழமை கறியைத் தொடக்கூடாது. மீன் ஆகும்.

"விலாங்கு மீன்தானே" என்றார் அப்பா.

"யாரு கண்டா? பாம்பை அறுத்து வச்சா உங்களுக்குத் தெரியுமா? பாம்பு மீனா, கறியா?"

அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டார். சண்டைக் காலத்தில் ஜப்பான் சிப்பாயிடம் கன்னத்தில் அறை வாங்கியவர் அவர். அந்தக் கடைக்குப் போவதே அவருக்குப் பிடிக்கவில்லை, பாம்பெல்லாம் அப்புறம்தான்.

புறப்படும்போது அம்மா என்னைத் தனியே இழுத்தாள். "நீ அவனுக்கு எதிர்ல உக்காரு. அவன் கையையே பாத்துக்கிட்டு இரு. கறியைத் தொட்டான்னா ஞாயித்துக்கிழமை ஓலை கிடையாது."

அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எங்கிருந்தோ வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறவர் மேல் எனக்கும் எரிச்சல்தான்.

கடைக்குள் போனதும் அம்மா உட்காரவில்லை. "தம்பி, அந்த மீனை உசிரோட பாக்கணும்" என்றாள். அவர் சிரிக்காமல் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். மரத்தொட்டியில் விலாங்குகள் நெளிந்தன. கடைக்காரக் கிழவர் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து, தலையில் ஆணியை அறைந்து, ஒரே இழுப்பில் கீறினார். அம்மா குனிந்து பார்த்தாள்.

"செவுளு இருக்கு" என்றாள். குரலில் ஏமாற்றம் இருந்தது.

"எங்க ஊர் விலாங்குதான் அத்தே. வெள்ளிக்கிழமை காலையிலதான் படகுல வரும், அதான் இன்னிக்கு" என்றார் அவர்.

"பதிலைக் கையிலயே வச்சிருக்கான் பாரு" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

பாய் விரித்த தரையில் உட்கார்ந்தோம். கறுப்புப் பெட்டிகளில் சுடுசோறும், அதன்மேல் கரியில் வாட்டிய விலாங்கும் வந்தன. மாப்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார். எந்தத் தோளை முதலில் தொடுகிறார் என்று அம்மா கவனித்தாள். இனிப்பும் உப்புமான அந்தக் குழம்பு எனக்குப் பிடித்தது. அம்மா தலையைக் குனிந்து, இல்லாத முள்ளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது கடைக்காரரின் பர்மியப் பெண்சாதி, கல்யாணக்காரர்களுக்கு என்று சொல்லி, குச்சியில் கோத்துச் சுட்ட துண்டுகளை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அதே கறுப்புக் குழம்பு பூசியிருந்தது. நான் அவர் கையைப் பார்த்தேன். கை நகரவில்லை. ஏன் எடுக்கமாட்டேன் என்கிறார்? அதில் என்ன கோளாறு? ஒரு குச்சியை எடுத்துக் கடித்தேன்.

கோழி. துப்பியிருக்க வேண்டும். நான் துப்பவில்லை, அவ்வளவு ருசி. அம்மா நிமிர்வதற்குள் இரண்டாவதையும் எடுத்து வாயில் உருவிக்கொண்டேன்.

அதற்குள் அப்பா கையை நீட்டினார். மாப்பிள்ளை சட்டென்று தட்டைத் தூக்கி, பர்மிய மொழியில் ஏதோ மெதுவாகச் சொல்லி, அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. அம்மா நிமிர்ந்து பார்த்தது அதைத்தான். அது கோழி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வாயில் இருப்பது என்ன என்றும் தெரிந்துபோகும். "தெரியாமத் தின்னது பாவமில்ல, பாப்பா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். முதல் குச்சிக்கு அது சரி. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா தீர்ப்புச் சொன்னாள். "மாமனார் கை நீட்டுறப்ப தட்டைத் தூக்குறவன். இவன் வீட்டுல எம்பொண்ணு வயிறார ஒரு வேளை தின்னமாட்டா. இன்னிக்கே சாமியார்கிட்டப் போய் ஓலை வேண்டாம்னு சொல்லிருங்க."

அப்பா தலையாட்டினார். அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாவணியால் அவள் மூக்கைத் துடைப்பதைப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மா, அது கோழி. அதான் எடுத்துட்டார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் தின்னேன்." அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் மீதி சுருங்கிவிட்டது. "ஒண்ணு."

தொடையில் கிள்ளு விழுந்தது. ஜெபமாலை மாதிரி வசவு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அம்மா யோசித்துக்கொண்டிருந்தாள். "பாத்ததுமே கோழின்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? அப்ப முன்னாடி தின்னிருக்கான்."

"வியாழக்கிழமை தின்னிருப்பாரு" என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடியே.

அப்பா சிரித்துவிட்டார். பசுந்தாங்கில் இறங்கியபின் அம்மா சொன்னாள்: "ஓலையை வாசிக்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுக்கு வரட்டும். நானே சமைச்சுப் போட்டுப் பாக்குறேன்."

அத்தான் அன்றைக்குப் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம்கூட. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கோழி சமைத்தால் கரண்டியை அவரே வாங்கி என் தட்டில் இரண்டு துண்டு வைப்பார். மற்றவர்களுக்கு ஒன்று, மூன்று, எப்படியும் விழும். எனக்கு எப்போதும் இரண்டு.

"அதென்ன தம்பி, இவளுக்கு மட்டும் எண்ணி ரெண்டு?" என்று அம்மா ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"வளர்ற பொண்ணு அத்தே" என்றார் அவர்.

அம்மா அவரை நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.